தார்ப்பாய்க்கு அடியில் என் ஓரகத்தி

ஒரே வண்டி, ஒரே தார்ப்பாய், ஒரே மழை. நனைவது மட்டும் என் சைக்கிள்கள். அவளுடையவை கடையிலிருந்து அப்போதுதான் எடுத்து வந்தது போல் காய்ந்த உடம்போடு இறங்கும். இதை யாரிடம் சொன்னாலும் சிரித்தார்கள். சிரிக்கட்டும், வயிறு எரிந்தது எனக்குத்தானே.

அவள் என்றால் என் ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி. எங்கள் இரண்டு பேருக்கும் பேட்டரி சைக்கிள் வாடகைக்கு விடுகிற தொழில். கொடைக்கானலில் ஏரியைச் சுற்றி மிதிக்கிற சைக்கிள் விடுபவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். இ-பாஸ் வாங்கிக்கொண்டு மலையேறி வருகிறவர்களில் பாதிப் பேருக்கு நாலு மிதி மிதித்ததுமே மூச்சு வாங்கும். அவர்களுக்கு மேட்டில் தானே ஏறுகிற சைக்கிள் கொடுத்தால் என்ன என்று எங்கள் வீட்டில் முதலில் யோசித்தது நான். அழுத்திச் சொல்கிறேன், நான்தான். நாலு சைக்கிள் வாங்கினேன், நாலும் பச்சை. அடுத்த சீசனுக்குள் அவளும் நாலு வாங்கி என் பச்சைகளுக்குப் பக்கத்திலேயே நிறுத்தினாள். அதே மாடல், நிறம் மட்டும் மஞ்சள். என்ன இது என்று கேட்டதற்கு, "உங்களப் பாத்துத்தாங்க்கா எனக்கும் தைரியம் வந்துச்சு" என்றாள். ஒருத்தியை நிம்மதியாகக் கோபித்துக்கொள்ளக்கூட விடாத பேச்சு அது.

நான் பாச்சலூர்க்காரி. எங்கள் பக்கம் வயலில் நின்று கூப்பிட்டால் எதிர்ச் சரிவில் இருப்பவன் திரும்ப வேண்டும், அந்தக் குரல்தான் எனக்கும். அவள் பழனி அடிவாரத்தில் பூஜைச் சாமான் கடை வைத்திருப்பவர்களின் பெண். வருகிற பக்தர்களையெல்லாம் "வாங்க சாமி, செருப்ப இங்கயே விட்டுட்டுப் போங்க சாமி" என்று கூப்பிட்டே வளர்ந்த வாய். அவள் ஒரு "வாங்க" சொன்னால் வாடகைக்கு வந்தவர்கள் என் பச்சையைத் தாண்டி அவள் மஞ்சளிடம் போய் நிற்பார்கள். நான் சொல்கிற "வாங்க" மிரட்டுவது போல் இருக்கிறதாம். என் வீட்டுக்காரரே சொன்னார். என் மாமியார் இன்னும் ஒரு படி மேலே போய், "சின்னவளுக்குக் கைராசி, தொட்டது தொலங்குது" என்று என் காதில் விழுகிற மாதிரி பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு வருவார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். அவள் போனில் பேசிச் சிரிப்பதுதான் என்னால் பொறுக்க முடியாதது. கொழுந்தனுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போவார். ஆனால் இவள் காதில் போன் இல்லாத நேரம் கிடையாது. சைக்கிளைத் துடைக்கும்போது போன், சாயங்காலம் எல்லாவற்றையும் உள்ளே எடுத்து வைக்கும்போது போன். தணிந்த குரலில் பேசுவாள், நடுநடுவே சிரிப்பாள். புருஷன் பக்கத்தில் இல்லாமலே இவளுக்கு இவ்வளவு சிரிப்பு. என் வீட்டுக்காரர் எனக்குப் போன் செய்தால், "எங்கெருக்க? சரி, வையி." அவ்வளவுதான். அவர் பிக்கப் ஓட்டுகிறார். மற்ற நாளில் பூம்பாறையிலிருந்து பூண்டும் கேரட்டும் ஏற்றுவார், சனி ஞாயிறில் எங்கள் சைக்கிள்களை விடுதிகளுக்குக் கொண்டுபோவார். நாள் முழுக்க அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து போய் வந்தாலும் பேசியதைக் கூட்டிப் பார்த்தால் ஒரு பக்கம் தேறாது.

சைக்கிள் விஷயத்துக்கு வருகிறேன். பேட்டரி சைக்கிளை வண்டியில் ஏற்றும்போது பேட்டரியைக் கழற்றிவிடுவோம். கனமான சாமான், மலைப்பாதையில் குலுங்கினால் பூட்டு உடைந்துவிடும். கழற்றிய பேட்டரிகளைக் கம்பளியில் சுற்றி முன் சீட்டில் என் காலடியில் அடுக்கிக்கொள்வேன். பேட்டரி இருந்த இடத்தில், சைக்கிளின் சாய்ந்த சட்டத்தில், ஒரு நீளப் பள்ளம் தெரியும். அதன் அடிமுனையில் கரண்டு பாய்கிற சின்னச் சின்னப் பித்தளைத் தகடுகள் இருக்கும். மெக்கானிக் அதை மவுண்ட் என்றார், நாங்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். பேட்டரி மாட்டியிருக்கிறவரை மழையால் அதை ஒன்றும் செய்ய முடியாது. பேட்டரியை எடுத்துவிட்டால் அது வாயைத் திறந்துகொண்டு கிடக்கும். உள்ளே தண்ணீர் இறங்கினால் போச்சு. ஈரத்தோடு பேட்டரியை மாட்டினால் விளக்கு ஒரு தடவை மினுக்கிவிட்டு அணையும். துடைத்து ஊதிக் காயவைத்து மறுபடி மாட்டுவதற்குள் வாடகைக்கு வந்தவர் மக்காச்சோளம் தின்னப் போயிருப்பார். அப்படியே விட்டால் தகடு பச்சை பூத்துவிடும், பிறகு மெக்கானிக் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும்.

என் மவுண்டுகளை மெக்கானிக் தேய்த்த தேய்ப்பில் தகடே பாதியாகிவிட்டது. அவள் மஞ்சள்களில் ஒன்றைக்கூட அவர் தொட்டதில்லை.

நான் சும்மா இருக்கவில்லை. பால் கவர்களைக் கழுவிக் காயவைத்து மவுண்ட் வாயில் கவிழ்த்து ரப்பர் பேண்டு போட்டேன். எங்கள் ஊர் மேகம் தரையோடு தரையாகப் போகிற மேகம். கவருக்குள் அது எப்படியோ புகுந்துகொண்டு, வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே வேர்த்தது. அவிழ்த்தபோது முன்னைவிட ஈரம். அப்புறம் விடுதி அறைகளில் குளிக்கும்போது தலையில் மாட்டிக்கொள்ளக் கொடுக்கிற பிளாஸ்டிக் தொப்பிகளைக் கேட்டு வாங்கி, பச்சைகளுக்குக் குல்லா போட்டுப் பார்த்தேன். காற்றில் எல்லாம் பறந்தன. கடைசியில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்து நாலு ஹேண்டிலிலும் கட்டினேன். என் மனசில் அப்போது வேறு சந்தேகம் வந்துவிட்டது. "கண்ணு பட்டாக்கூடச் சைக்கிள் ஓடாதுங்களா?" என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். "தண்ணி பட்டா ஓடாது" என்றார். "அவளோடது மட்டும் எப்பிடிங்க நனையாம வருது?" என்றேன். "எனக்கென்ன தெரியும்? தார்ப்பாய நான் நல்லாத்தேன் கட்டுறேன்" என்று எழுந்து போய்விட்டார்.

வண்டியில் ஏற்றுவதற்கு ஒரு வரிசை வைத்திருந்தோம். என் பச்சைகள் முதலில் ஏறும், டிரைவர் கேபினை ஒட்டி நிற்கும். அவள் மஞ்சள்கள் பிறகு ஏறும், பின்கதவுப் பக்கம் நிற்கும். எங்கள் குடும்பத்தில் குலசாமிக்குப் பொங்கல் வைத்தால் மூத்த மருமகள் அடுப்புப் பற்றிய பிறகுதான் இளையவள் அடுப்புப் பற்றும். புது வீட்டில் பால் காய்ச்சினாலும் அப்படித்தான். சைக்கிள் ஏற்றும்போது மட்டும் அந்த வரிசை ஏன் மாற வேண்டும்? உட்காருவதும் அதே கணக்குதான். முன் சீட்டு எனக்கு. அவள் பின்னால் ஏறி, மஞ்சள்களுக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு சாக்கை மடித்துப் போட்டு, தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்துகொள்வாள். என் வீட்டுக்காரர் அவளுக்கு மூத்தார், அவர் பக்கத்தில் ஒட்டி உட்கார அவளுக்குக் கூச்சம், எங்கள் பக்கம் அது வழக்கமும் இல்லை. யாரும் அவளைப் பின்னால் போ என்று சொல்லவில்லை. அவளாக ஏறினாள், அப்படியே நிலைத்துவிட்டது.

ஒரே ஒரு முறை, ஏற்றிக்கொண்டிருக்கும்போது, "அக்கா, இன்னைக்கு உங்க சைக்கிளப் பின்னாடி வச்சுப் பாக்குறீங்களா? நல்லாருக்கும்ங்க்கா" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஏரிக்கரையில் என் பக்கத்து இடத்தைப் பிடித்தாள், மாமியாரைப் பிடித்தாள், இப்போது வண்டியில் என் இடமும் வேண்டுமாக்கும் என்று நினைத்தேன். "என்னோடது முன்னாடியே இருக்கட்டும், நீ ஒஞ்சோலியப் பாரு" என்றேன். அவள் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை. தார்ப்பாய்க்குள் அவள் ஏதோ செய்கிறாள் என்று எனக்கு உறுதியானது அதற்குப் பிறகுதான். எண்ணெய் தடவுகிறாளா, மருந்து அடிக்கிறாளா, பழனியிலிருந்து எதையாவது வரவழைத்தாளா. கேட்க வாய் வரவில்லை. கேட்டுவிட்டால் அவள் கெட்டிக்காரி என்று நானே சொன்னதாக ஆகிவிடும்.

அந்த ஐப்பசியில்தான் பேத்துப்பாறைப் பக்கம் ஒரு தங்கும் விடுதியிலிருந்து கூப்பிட்டார்கள். விடுதியை நடத்துகிற அம்மா நேராகவே பேசினார். "எனக்கு ஃபோர் சைக்கிள் ரெகுலரா வேணும், வீக்கெண்டுக்கு வீக்கெண்டு. மழையிலயும் ஸ்டார்ட் ஆகணும். கெஸ்ட் முன்னாடி சொதப்பக் கூடாது. ரெண்டு பேரும் கொண்டுவாங்க, யாரோடது ஓடுதோ அவங்களுக்கே குடுத்திடுறேன்." மழை மாதங்களில் எங்கள் தொழில் படுத்துவிடும். ஏரிக்கரையில் ஈ ஓட்டுவோம். வாரா வாரம் நிச்சயமாக ஒரு வேலை என்பது லேசான விஷயமில்லை. எனக்கு அது வேண்டும். அதைவிட, அது அவளுக்குப் போய்விடக் கூடாது. இரண்டும் ஒன்றுதான் என்று அப்போது நினைத்திருந்தேன்.

போக வேண்டிய சனிக்கிழமை வெள்ளனே எழுந்து பார்த்தால் மலையே தெரியவில்லை. அடைமழை. பேட்டரிகளைக் கழற்றினோம், சைக்கிள்களை ஏற்றினோம், பச்சை முன்னால், மஞ்சள் பின்னால். வீட்டுக்காரர் தார்ப்பாயை இழுத்துக் கயிறு போட்டார். அவள் வழக்கம்போலப் பின்கதவில் கால் வைத்தாள்.

"இன்னைக்கு நான் பின்னாடி ஏறுறேன். நீ முன்னாடி உக்காரு" என்றேன்.

அவள் திகைத்துப்போனாள். "மாமா பக்கத்துலயா? வேணாங்க்கா. நான் பழகிட்டேன், நீங்க நனைஞ்சிருவீங்க."

"ஏன், நான் ஏறக் கூடாத எடமா அது?"

அவள் பின்கதவிலிருந்து காலை எடுத்தாள். வீட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவளிடம், "ஏறுத்தா, வெரசாப் போகணும்" என்றார். என் காலடியில் இருக்க வேண்டிய பேட்டரிகளோடு அவள் முன்னால் ஒடுங்கி உட்கார்ந்தாள். நான் பின்னால் ஏறித் தார்ப்பாயை இழுத்து மூடிக்கொண்டேன். இன்றைக்கு உன் வித்தையைப் பார்த்துவிடுகிறேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

வித்தை எதுவும் இல்லை. அவளுடைய மடித்த சாக்கு இருந்தது. ஓர் ஆணியில் பழைய வேட்டித் துணிகள் இரண்டு தொங்கின. மஞ்சள் மவுண்டுகளுக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். எண்ணெய் இல்லை, மருந்து இல்லை, பழனி மலைத் திருநீறுகூட இல்லை. என் பச்சைகளைப் போலவே வெறும் பள்ளம். எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. இத்தனை நாள் வயிறெரிந்ததற்கு ஒரு டப்பா, ஒரு குப்பி, ஏதாவது அகப்பட்டிருக்கலாம்.

பெருமாள்மலையில் வண்டி நின்றது. தார்ப்பாய் இடுக்கில் என் வீட்டுக்காரரின் கால்கள் ஒரு கடைக்குப் போவதும் திரும்பி வருவதும் தெரிந்தன. அவித்த கடலை வாங்குகிறார் என்று பார்க்காமலே தெரியும். அந்த இடத்தில் வண்டி நின்று கடலை வாங்காமல் நகர்ந்ததில்லை. மடியில் பொட்டலத்தை வைத்துக்கொண்டு ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, இன்னொரு கையில் கொஞ்சம் அள்ளி இடப்பக்கம் நீட்டுவார். நான் வாங்கிக்கொள்வேன். அது பாட்டுக்கு நடக்கும்.

பேத்துப்பாறைச் சாலையில் திரும்பியதும் இறக்கம் இன்னும் செங்குத்தானது. அப்போதுதான் என் தலைக்கு மேலே ஏதோ நகர்ந்தது. தார்ப்பாயில் அதுவரை தேங்கிய மழை முழுவதும் தொந்தி போல் தொங்கிக்கொண்டு, வண்டி தலை குனிந்ததும் முன்பக்கம் உருண்டது. கேபினை ஒட்டிப் போய் நின்று, கயிறு கோக்கிற வளையங்கள் வழியாகக் குடத்தைக் கவிழ்த்தது போல் என் பச்சைகள்மேல் இறங்கியது. அடுத்த வளைவில் இன்னொரு குடம். பின்பக்கம் மஞ்சள்களின்மேல் கொஞ்சம் சாரல்தான் அடித்தது. அதற்குத்தான் அந்த வேட்டித் துணிகள், தார்ப்பாயின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அவ்வப்போது துடைத்துவிட்டால் போதும். கொடைக்கானலிலிருந்து எங்கே போனாலும் பாதி வழி இறக்கம். இத்தனை காலமும், மூத்தவள் சாமான் என்று நான் அடம்பிடித்து வாங்கிய இடத்தில்தான் இந்த ஊற்று ஊற்றியிருக்கிறது. "பின்னாடி வச்சுப் பாக்குறீங்களா" என்று அவள் கேட்டது நினைவுக்கு வந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கக் கூடாதா என்று அதற்கும் அவள்மேல்தான் கோபம் வந்தது.

ஹேண்டில்களைப் பிடித்துக்கொண்டு, சைக்கிள்களின்மேல் தவழாத குறையாக முன்பக்கம் போனேன். மவுண்டுகளுக்குள் முந்தானையை விட்டு ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு, இரண்டு கைகளாலும் தார்ப்பாயை மேலே தள்ளிப் பிடித்தேன். தண்ணீர் வெளிப்பக்கமாக வழிந்து விழுந்தது. வேலை செய்கிறது. ஆனால் கையை எடுத்தால் மறுபடி தொந்தி இறங்கும். அப்படியே நின்றுகொண்டேன். முகத்துக்கு நேரே கேபினின் பின்கண்ணாடி இருந்தது.

கண்ணாடி வழியாக என் சீட்டு தெரிந்தது. அதில் அவள். பக்கத்தில் என் வீட்டுக்காரர். அவர் கை இடப்பக்கம் நீண்டது. அவள் வாங்கவில்லை. கை அப்படியே நின்றது. அவர் ஏதோ சொன்னார், அவள் இரண்டு கைகளையும் குவித்து, கோயிலில் தீர்த்தம் வாங்குவது போல் அந்தக் கடலையை வாங்கிக்கொண்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அது என் கடலை. அது எனக்கு நீள்கிற கை. அதோடு நின்றதா? அவர் பேசினார். என் வீட்டுக்காரர் பேசினார்! ஒரு வளைவு முழுக்கப் பேசினார், அடுத்த வளைவிலும் பேசினார். அவள் குனிந்துகொண்டு ஏதோ பதில் சொன்னாள். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். எனக்குக் கிடைக்காத பேச்செல்லாம் என் கண்ணெதிரில், ஒரு கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அவர் இன்னும் ஏதோ சொல்ல, அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணாடியை உடைத்துவிடலாமா என்றிருந்தது. தட்டலாம் என்றால் இரண்டு கையிலும் ஒரு குளத்தைத் தூக்கி வைத்திருக்கிறேன்.

அப்போது அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. மறுபடி முன்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பின்னால் தார்ப்பாய் படபடவென்று அடிக்கிற சத்தம் கேட்டது. பின்ஓரத்தின் கயிறு அவிழ்ந்துவிட்டது. அவள் இருந்திருந்தால் பிடித்திருப்பாள். மஞ்சள்களின்மேல் மழை நேராக அடித்தது. நான் பார்த்தேன். பின்னால் போனால் என் பச்சைகள் நனையும், நின்றால் அவள் மஞ்சள்கள் நனையும். யோசிக்க என்ன இருக்கிறது? நின்றேன். அந்த இடத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள், அதிலும் கடலை பறிபோன பிறகு.

விடுதியில் இறக்கி, கூரைக்கு அடியில் வரிசையாக நிறுத்திப் பேட்டரிகளை மாட்டினோம். பச்சை நாலும் ஒன்றன்பின் ஒன்றாக விளக்கைக் காட்டின. மஞ்சளில் ஒன்று மட்டும் எரிந்தது. மற்ற மூன்றும் மினுக்கி அணைந்தன. அவள் வேட்டித் துணியால் துடைத்தாள், ஊதினாள், முந்தானையைச் சுருட்டி உள்ளே விட்டுத் துடைத்தாள். விருந்தாளிகள் காத்துக்கொண்டிருந்தார்கள். விடுதி அம்மா என்னைப் பார்த்து, "அப்ப கிரீன் ஓகே. நெக்ஸ்ட் வீக்ல இருந்து நீங்களே வந்துருங்க" என்றார்.

ஜெயித்துவிட்டேன். சந்தோஷம் வரட்டும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். விருந்தாளிகள் என் பச்சைகளில் ஏறிப் போவதைப் பார்த்தேன். மழையும் லேசாக விட்டிருந்தது.

அவள் தன் சைக்கிள்களின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து இன்னும் துடைத்துக்கொண்டிருந்தாள். ஏன் பின்பக்கத்தை விட்டீர்கள் என்று கேட்பாள், அதற்கு என்ன சொல்வது என்று பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு போனேன். அவள் அதைக் கேட்கவேயில்லை.

"அக்கா, ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே?" என்றாள். "மாமா தெனமும் அந்தக் கடலைதாங்களா குடுப்பாங்க?"

"ஆமா. ஏன்?"

"இல்ல, பின்னாடி இருந்து பாக்கையில கை நீளுறது மட்டுந்தான் தெரியும். என்னத்தத்தான் குடுக்குறாங்கன்னு நெனச்சுக்கிட்டே வருவேன்." துணியைப் பிழிந்தாள். "நீங்க திரும்பிக்கூடப் பாக்காம வாங்கிக்குவீங்க."

மறுபடி துடைக்க ஆரம்பித்துவிட்டாள். நான் தயாராக வைத்திருந்த பதில் எதுவும் அதற்குப் பொருந்தவில்லை. நான் பொறாமைப்பட்டது அவள் சைக்கிளைப் பார்த்து, அவள் சிரிப்பைப் பார்த்து, கைராசியைப் பார்த்து. என்னிடமும் ஒருத்தி பார்த்துப் பார்த்து ஏங்குகிற சாமான் ஒன்று இருக்கிறது என்று எனக்குத் தெரியவே தெரியாது. அதுவும் ஒரு கை அவித்த கடலை.

திரும்பும்போது பச்சைகளை விடுதியிலேயே விட்டுவிட்டு மஞ்சள்களை மட்டும் ஏற்றினோம். யாரும் எதுவும் சொல்வதற்கு முன்னால் அவள் பின்னால் ஏறி, சாக்கை விரித்து உட்கார்ந்துவிட்டாள். நான் என் சீட்டில் உட்கார்ந்தேன். கொஞ்ச தூரம் போனதும் என்னால் முடியவில்லை.

"அவகிட்ட அப்பிடி என்ன பேசுனீங்க?"

"தம்பி போன் பண்றானான்னு கேட்டேன்."

"அதேன் நாளெல்லாம் பேசுறாளே."

"அது அவுங்க அம்மாகூட. இவன் பண்றதே இல்லையாம். இது பண்ணுனாலும் எடுக்குறதில்லையாம்." சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வீட்டுல யாருகிட்டயும் சொல்லாதீங்க மாமான்னுச்சு. ஒங்கிட்டச் சொல்லிட்டேன்."

நான் வெளியே பார்த்தேன். ஏரிக்கரையில் அவள் காதில் போனோடு சிரித்த சிரிப்பெல்லாம் எனக்குக் கேட்க வேண்டும் என்றே சிரித்ததோ என்று தோன்றியது. இருக்கலாம். நானாக இருந்தாலும் அப்படித்தான் சிரித்திருப்பேன்.

"சரி, அப்பறம் சிரிச்சாளே, அது எதுக்கு?"

"ஒங்கக்கா நிக்கிற நிப்பப் பாரு, மழைய ஒத்தையில நிறுத்திப்புடுவா போலருக்குன்னேன்."

அதாவது, நான் அங்கே கை கடுக்க நின்றபோது இவர்கள் இருவரும் சிரித்தது என்னைப் பார்த்து. ஒரு பக்கம் ஆத்திரம். இன்னொரு பக்கம், சிரித்தது என்னைப் பற்றித்தான், வேறொன்றுமில்லை என்பதில் ஒரு நிம்மதி. இரண்டும் சேர்ந்து வரும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பெருமாள்மலை வந்தது. அவர் இறங்கிக் கடலை வாங்கி வந்தார். வண்டி நகர்ந்ததும் கை நீண்டது. என் கை வழக்கப்படி போய்ப் பாதியில் நின்றுவிட்டது. திரும்பிப் பின்கண்ணாடியைப் பார்த்தேன். தார்ப்பாய் இருட்டில் கடைசியில் அவள் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அவளும் இந்தப்பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்ததும் வேகமாகத் துணியை எடுத்து, ஏற்கனவே துடைத்த சைக்கிளைத் துடைத்தாள்.

"வண்டிய நிறுத்துங்க" என்றேன்.

இறங்கிப் போய்ப் பின்னால் தட்டினேன். "ஏய், எறங்கு. முன்னாடி வா. எனக்குத் தண்ணியில கெடந்து பழக்கமிருக்கு, நீ சளி பிடிச்சுக் கெடந்தா அத்தைக்கு யாரு பதில் சொல்றது?" என்றேன். எனக்கு வாய் அப்படித்தான் வரும். அவள் தயங்கித் தயங்கி வந்தாள். பேட்டரிகளை அப்படி இப்படி நகர்த்தி, மூன்று பேரும் முன்னால் நெருக்கி உட்கார்ந்தோம். நடுவில் நான்தான். மூத்தார் பக்கத்தில் அவள் உட்காரக் கூடாது, முறை என்று ஒன்று இருக்கிறது. முறையே இல்லாவிட்டாலும் நான்தான் உட்கார்ந்திருப்பேன்.

அடுத்த வாரத்திலிருந்து தார்ப்பாய்க்கு நடுவில் நீளவாக்கில் ஒரு மூங்கில் கொடுத்துக் கட்டினோம். தண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து ஓடுகிறது. பின்னால் யாரும் உட்கார வேண்டியதில்லை. விடுதிக்கு ரெண்டு பச்சை, ரெண்டு மஞ்சள் என்று கொண்டுபோகலாமே என்றார் வீட்டுக்காரர். மூன்று பச்சை, ஒரு மஞ்சள் என்றேன். அதற்கு மேல் மனசு வரவில்லை, இன்னும் வரவில்லை. அந்த ஒன்றை அவள் நன்றியோடு வாங்கிக்கொண்டாள், அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. வாடகைக்கு வருகிறவர்கள் இப்போதும் என்னைத் தாண்டி அவளிடம்தான் போகிறார்கள். மாமியார் இப்போதும் கைராசி பாடுகிறார்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் பெருமாள்மலை தாண்டியதும் கை நீளும். நான் முதலில் வாங்குவேன். எனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியை அந்தப்பக்கம் தள்ளுவேன். அவள் குவித்த கைகளில் வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி, ஒவ்வொன்றாக உரித்து, மெதுவாகத் தின்பாள். ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வருவேன். ஒரே பொட்டலம், ஒரே கை, முதலில் அள்ளுவதும் நான்தான். ஆனால் இதுவரை அவள் பங்கில் ஒரு சொத்தைக் கடலை வந்து நான் பார்த்ததில்லை.